நான் அடித்த இருவர்

எங்கள் தெரு வாசகசாலையில் தினமும் பேப்பர் படிக்க வரும் ஒருவர் போன மாதம் ஒரு செய்தியைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார். ஆணும் ஆணும் சேர்ந்திருப்பதைக் குற்றம் என்று சொல்லும் சட்டத்தை எடுத்துவிட வேண்டும் என்று யாரோ கேட்டிருக்கிறார்களாம். "இதெல்லாம் இப்போ வந்த சீக்கு. நம்ம காலத்துல இந்த ஊர்ல இப்பிடி ஆளுகள் உண்டா?" என்று பொதுவாகக் கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த வயதிலும் அது மூக்குக்கு மேல்தான் நிற்கிறது. "உண்டு ஓய். நான் அடிச்சிருக்கேன்" என்றேன். எல்லோரும் பேப்பரைத் தாழ்த்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

பெருமைக்குச் சொல்லவில்லை. இல்லாத ஒருவனை அடிக்க முடியாது, அவ்வளவுதான். அவர்கள் இருந்தார்கள், அவர்களுடைய எலும்பு என் கையில் முறிந்தது. அதைச் சொல்ல இன்று இந்த ஊரில் என்னைவிடத் தகுதியான சாட்சி கிடையாது. அந்தச் சட்டம் போகவேண்டும் என்று நானும் ஒரு கடிதம் எழுதிப் பேப்பருக்கு அனுப்பினேன். போடவில்லை. அதனால் இதை எழுதுகிறேன்.

நான் நாஞ்சில் நாட்டுக்காரன். மகாராஜாவின் போலீசில் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தேன். ராஜ்ஜியம் போய், கொச்சியோடு சேர்ந்து ஒரே மாகாணமாகி, தொப்பியின் முத்திரை மாறியது. லத்தி மாறவில்லை. திருவனந்தபுரத்தில் எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை. கிழக்கேகோட்டையிலிருந்து நடந்து போகிற தூரம். அந்த வருஷங்களில்தான் தெற்கே தமிழ்த் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேரவேண்டும் என்று கலகம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஸ்டேஷனில் தமிழன் நான் ஒருவன்தான். நீ யாருடைய ஆள் என்று மற்றவர்கள் வாயால் கேட்க மாட்டார்கள், கண்ணால் கேட்பார்கள். அந்தக் கண்களுக்குப் பதில் சொல்வதற்காகவே மற்றவன் பத்து அடி அடிக்கும் இடத்தில் நான் இருபது அடித்தேன். யாரையாவது பேசவைக்க வேண்டும் என்றால் இன்ஸ்பெக்டர் என்னைத்தான் கூப்பிடுவார். அதில் எனக்கு ஒரு திமிர்கூட இருந்தது.

ஒரு நாள் காலையில் ஸ்ரீவராகத்து அக்கிரகாரத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். ஹஜூர் கச்சேரியில், அதாவது தலைமைச் செயலகத்தில், ரிக்கார்டு பிரிவில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சகச்சம், நெற்றியில் திருநீறு, கையில் நான்காக மடித்த முழுநீளத் தாள். ஓரம் விட்டு, பத்தி பிரித்து, இங்கிலீஷில் எழுதிய மனு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருக்கும் ஒரு கண்டக்டர் தன் மகனைக் கெடுத்துவிட்டான், அவன் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது விஷயம். கூடவே ஒரு இணைப்பு. மகன் அந்த அறைக்குள் எந்தெந்தத் தேதியில் எத்தனை மணிக்குப் போனான், எத்தனை மணிக்கு வெளியே வந்தான் என்று ஏழு வரிகள். பெரியவரே எதிர்க்கடையில் நின்று பார்த்துக் குறித்தது.

"அவனைக் கூப்பிட்டு ரெண்டு தட்டுத் தட்டி, இந்தப் பக்கமே தலைகாட்டாதபடிக்குப் பண்ணிடுங்கோ. எங்காத்துப் பிள்ளை சாது. பொண்ணு பாத்து வச்சிருக்கோம், கேட்டேளா" என்றார்.

மனுவில் அவர் மகனின் பெயரை எழுதவில்லை. 'என் குமாரன்' என்று மட்டும் இருந்தது. முப்பது வருஷம் காகிதங்களோடு வாழ்ந்த மனுஷன். காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவன் மேல்தான் நடவடிக்கை போகும், பெயர் இல்லாதவனை யாரும் தொட முடியாது என்று அவர் நம்பியிருந்தார். அவருடைய கச்சேரியில் அதுதான் நடைமுறை.

இன்ஸ்பெக்டர் இணைப்பை இரண்டு முறை படித்தார். "மகனு வயசெத்ர, சாமி? ஜோலி எவிடெ?" என்று விசாரித்தார். இருபத்தாறு, மராமத்து ஆபீஸில் டிராப்ட்ஸ்மேன் என்று பெரியவர் சொன்னார். பேரையும் கேட்டார், அதையும் சொன்னார். ஏதோ மரியாதைக்குக் குசலம் விசாரிக்கிறார் என்று நினைத்திருப்பார். இன்ஸ்பெக்டர் மூன்றையும் மனுவின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

அன்று மத்தியானமே கண்டக்டரைப் பிடித்தோம். முப்பது வயதிருக்கும், நெய்யாற்றின்கரைப் பக்கத்து ஆள், அக்கிரகாரத்துக்காரர்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஜாதி. கிழக்கேகோட்டையில் பஸ் நிறைய ஜனம் ஏறி உட்கார்ந்திருந்தது. டிக்கெட் கட்டை டிரைவரிடம் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று தன்மையாகத்தான் சொன்னான். நான் கையைத் தட்டிவிட்டேன். டிக்கெட்டுகள் தார் ரோட்டில் சிதறின. குனிந்து பொறுக்கப் போனவனின் விலாவில் பூட்ஸ் காலால் உதைத்தேன். பஸ்ஸில் இருந்த ஒரு பெண் "ஐயோ" என்றாள்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: அந்தப் பிராமணப் பையன் பெயர் என்ன? பெயர் எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. மேஜைமேல் மனுவின் ஓரத்திலேயே இருந்தது. இருந்தாலும் அவன் வாயிலிருந்து வரவேண்டும். அவன் சொல்லவில்லை. "எனக்கு ஆரையும் தெரியாது ஏமானே" என்றே சொல்லிக்கொண்டிருந்தான். அவன் வலது கையை மேஜை விளிம்பில் வைத்து அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் லத்தியால் அடித்தேன். மூன்று விரல்கள். காய்ந்த சுள்ளி ஒடிகிற சத்தம்தான் கேட்டது. அவன் மேஜைமேலேயே வாந்தி எடுத்தான். அதை அவன் சட்டையாலேயே துடைக்கவைத்தேன். கையில் இருந்த ஒரு பெயருக்காக ஒருவனின் கையை முறித்தோம் என்பது அன்று எனக்கு விசித்திரமாகவே படவில்லை.

மூன்று மணிக்கு அந்தப் பிள்ளையை ஆபீஸிலிருந்தே கூட்டி வந்தோம். படம் வரைகிற பலகைமேல் பென்சிலைப் போட்டது போட்டபடி எழுந்து வந்தான். ஒல்லி, கண்ணாடி, விரலில் மை. ஸ்டேஷன் படி ஏறியதுமே நான் சட்டைக்குள் கையை விட்டுப் பூணூலோடு சேர்த்து முறுக்கி இழுத்தேன். அது கழுத்தை அறுத்துக்கொண்டு அறுந்தது. ரத்தமும் வியர்வையுமாக என் கையில் ஒட்டியதை உதறி முற்றத்துச் சாக்கடையில் எறிந்தேன். பிறகு அவனைக் குப்புறப் போட்டு உள்ளங்காலில் அடிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாவது அடியில் அவன் அலறினான். உடனே லாக்கப்புக்குள்ளிருந்து கண்டக்டர் கம்பியில் மோதிக் கத்தினான்.

"ஏமானே, அவரை விடுங்க! நான்தான் கூட்டிட்டுப் போனேன். நான்தான் கெடுத்தேன். என்ன வேணும்னாலும் எழுதுங்க, நான் ஒப்புப் போட்டுத் தாறேன்!"

எந்தக் கையால் கையெழுத்துப் போடுவான்?

தரையில் கிடந்த பிள்ளை தலையைத் தூக்கினான். "பொய். அவன் பொய் சொல்றான். என்னை யாரும் கூப்பிடலை. நானாத்தான் போனேன். அவனை ஒண்ணும் பண்ணாதேங்கோ."

எத்தனையோ கூட்டுக் களவாணிகளை நான் அடித்திருக்கிறேன். அண்ணன் தம்பியைக் காட்டிக் கொடுப்பான், தகப்பன் மகனைக் காட்டிக் கொடுப்பான். அடி விழ விழப் பழி அடுத்தவன் தலைக்குப் போகும். இங்கே இரண்டு பேரும் பழியைத் தங்கள் பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் லத்தி நின்றுவிட்டது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். நான் மறுபடியும் அடித்தேன். அதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

மறுநாள் காலை பெரியவர் கூஜாவில் காப்பியும் ஒரு துவைத்த வேஷ்டியும் எடுத்துக்கொண்டு வந்தார். மகனைச் சாட்சி சொல்ல வைத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு வந்திருந்தார். லாக்கப்பில் காலை ஊன்ற முடியாமல் சுவரோடு சாய்ந்து கிடந்தவனைப் பார்த்ததும் கூஜா கையிலிருந்து நழுவியது.

"நான் அவன் பேரையே எழுதலையே!" என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. "அந்தக் கண்டக்டர் பேர்ல மட்டும்தானே குடுத்தேன்!"

இன்ஸ்பெக்டர் சிரிக்கக்கூட இல்லை. "சாமி, ஈ குற்றத்தினு ரெண்டு ஆளு வேணமல்லோ. சம்மதம் உண்டோ இல்லையோ, ரெண்டு பேரும் குற்றக்காரர்தான். ஒருத்தரை மாத்திரம் பிடிக்கான் நியமம் இல்லை. சாமியுடெ லிஸ்ட் உண்டு, தேதி உண்டு, மணி உண்டு. இதைக்காட்டில் நல்ல சாட்சியம் வேறே எவிடெ கிட்டும்?" என்றார்.

மனுவைத் திருப்பித் தரச்சொல்லிப் பெரியவர் கேட்டார். பதிவு பண்ணியாகிவிட்டது, இனி வழக்கு சர்க்காருடையது என்றார் இன்ஸ்பெக்டர். பெரியவர் தன் கன்னத்தில் தானே மாறி மாறி அறைந்துகொண்டார். பிறகு நெற்றியை மேஜை விளிம்பில் மோதிக்கொண்டார். முந்தின நாள் நான் விரல்களை முறித்த அதே மேஜை. வெளியே தள்ளு என்று எனக்கு உத்தரவு வந்தது. தள்ளினேன். படியில் விழுந்தார். அந்தக் கணத்தில் அவர்மேல் எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அடி விழவேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தன் பிள்ளைக்கு விழுந்ததும் ஒப்பாரி வைக்கிறாரே என்று இருந்தது. என்னைப் பற்றி நான் அப்போது ஒன்றும் நினைக்கவில்லை.

வழக்குக்கு ஒரு தொண்டிப் பொருள் வேண்டும் என்று இன்ஸ்பெக்டருக்குத் தோன்றியது. மனு மட்டும் போதாது, அந்தப் பிள்ளை அந்த அறையில் இருந்தான் என்று காட்ட ஏதாவது வேண்டும். அறுந்த பூணூல் கண்டக்டரின் பாயில் கிடந்தது என்று, கைப்பற்றிய பொருளுக்கு எழுதும் மகஜரில் எழுதினார்கள். எழுதிய பிறகுதான் பூணூலைத் தேடினார்கள். நான்தான் சாக்கடையில் எறிந்துவிட்டேனே. மழையில் அது எங்கேயோ போய்விட்டது. போய் வாங்கிக்கொண்டு வா என்றார் இன்ஸ்பெக்டர்.

கோயில் பக்கத்துக் கடையில் போய்ப் பூணூல் கேட்டேன். "பிரம்மச்சாரிக்கா, கிருகஸ்தாளுக்கா?" என்றான் கடைக்காரன். எங்கள் வீட்டில் யாரும் பூணூல் போட்டவர்கள் இல்லை. எனக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. யூனிபார்மில் நிற்கிறவனிடம் என்ன கேள்வி என்று எரிச்சல்தான் வந்தது. "கனமா இருக்கிறது எதுவோ அதை எடும்வே" என்றேன். கோர்ட்டில் காட்ட வேண்டிய சாமான், கண்ணுக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன். ஸ்டேஷன் முற்றத்துச் சேற்றில் போட்டு மிதித்து, ஒரு இடத்தில் அறுத்து, காய வைத்து, காகிதத்தில் பொதிந்து முத்திரை வைத்தோம். வேலை சுத்தமாக முடிந்தது என்று நாங்களே மெச்சிக்கொண்டோம்.

விசாரணை நாளில் கோர்ட்டு நிரம்பி வழிந்தது. அக்கிரகாரத்து ஆண்கள் ஒரு பக்கம், பஸ் தொழிலாளிகள் ஒரு பக்கம். இரண்டு பக்கத்தாரும் வேடிக்கை பார்க்கத்தான் வந்திருந்தார்கள். கூண்டில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கண்டக்டரின் வலது கையில் அழுக்குத் துணிக்கட்டு. இருவருக்கும் சேர்த்து ஒரு இளம் வக்கீல் ஆஜரானார். பெரிய வக்கீல்கள் யாரும் இந்த வழக்கைத் தொடவில்லை.

பெரியவரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். சர்க்கார் வக்கீல் காகிதத்தைப் பிரித்து, இந்தப் பூணூல் உமது மகனுடையதுதானே என்று கேட்டார். பெரியவர் அதை வாங்கினார். விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இது என் பிள்ளையோடது இல்லை."

"எப்படிச் சொல்கிறீர்?"

"என் பிள்ளைக்கு இன்னும் கல்யாணம் ஆகலை. அவன் போட்டிண்டிருக்கறது ஒத்தைப் பூணூல். இது ரெட்டை. கல்யாணம் ஆனவா போட்டுக்கறது. எங்க தெருவிலே பால் குடிக்கிற குழந்தையைக் கேட்டாலும் சொல்லும்."

அக்கிரகாரத்துப் பக்கம் ஒரு சலசலப்பு. மாஜிஸ்டிரேட் கண்ணாடியைக் கழற்றிவிட்டு எங்களைப் பார்த்தார். அப்படியானால் இந்த இணைப்பில் நீர் எழுதியிருப்பது என்ன என்று சர்க்கார் வக்கீல் குரலை உயர்த்தினார். கண் மங்கல், சாயங்கால வெளிச்சம், வேறு யாரையோ பார்த்துத் தன் பிள்ளை என்று நினைத்துவிட்டதாகப் பெரியவர் சொன்னார். முப்பது வருஷம் ஒரு வரி தப்பாக எழுதாத மனுஷன், தான் எழுதிய ஏழு வரியையும் தன் வாயாலேயே தப்பு என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கூண்டுப் பக்கம் விரலை நீட்டினார்.

"அந்தக் கண்டக்டர் பண்ணினது நிஜம். யாரோ ஒரு கிருகஸ்தனோட. அவனை மட்டும் விட்டுடாதேங்கோ."

மத்தியான இடைவேளை விட்டார்கள். இன்ஸ்பெக்டர் என்னைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார். சர்க்கார் வக்கீலும் இரண்டு போலீஸ்காரர்களும் கூட நின்றார்கள். "ஒரு சரடு வாங்கான் அறியாத்த பாண்டி!" என்று நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினார். பாண்டி என்றால் தமிழன். அவர்கள் அதைச் சொல்கிற விதத்தில் முட்டாள் என்றும் அர்த்தம். மற்றவர்கள் சிரித்தார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் விஷயத்துக்கு வந்தார். கிழவன் மகனை வெளியே எடுத்துவிட்டான், போகட்டும். கண்டக்டர் போதும். பூணூல் அவன் பாயில் கிடந்தது, அவன் தானாகவே ஒப்புக்கொண்டான் என்று நான் சொன்னால் அவனுக்குப் பத்து வருஷம்கூடக் கிடைக்கும். என் முறை இடைவேளைக்குப் பிறகு.

கோர்ட்டு வராந்தாவின் பெஞ்சில் இருவரையும் உட்காரவைத்திருந்தார்கள். இளம் வக்கீல் குனிந்து அந்தப் பிள்ளையிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "அப்பா உங்களைக் காப்பாத்தியாச்சு. இனி நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம்" என்றார்.

"அப்போ இவன்?"

வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டினார்.

"நான்தான் போனேன்னு உள்ளே வந்து சொல்லத்தான் போறேன்" என்றான் அந்தப் பிள்ளை. "சொன்னால் ரெண்டு பேரும் ஜெயில்தான் சார், புரியறதா?" என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். "சொல்லாண்டாம். நீ போ. நான் பாத்துக்கிடுதேன்" என்றான் கண்டக்டர். பிள்ளை அவனைப் பார்த்து ஒரு முறை முறைத்தான். சண்டையில் பொண்டாட்டி புருஷனைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

கோர்ட்டுப் பியூன் ஒரு பித்தளை டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான். கண்டக்டரால் அதைப் பிடிக்க முடியவில்லை. இடது கையில் விலங்கு, வலது கையில் கட்டு. பிள்ளை டம்ளரை எடுத்து அவன் வாயில் வைத்தான். அவன் உதட்டை வைத்துப் பாதி குடித்தான். மிச்சத்தைப் பிள்ளை தன் வாயில் வைத்துக் குடித்தான். துடைக்கவில்லை, திருப்பிப் பிடிக்கவில்லை, அதே இடத்தில் வாயை வைத்துக் குடித்தான்.

மூன்று முழத் தூரத்தில் அவன் அப்பா நின்றுகொண்டிருந்தார். நானே பதறிப்போனேன். அந்தக் காலத்தில் அந்தத் தெருவில் தாயின் எச்சிலைக்கூட மகன் தொடமாட்டான். பெரியவர் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பொய் சொல்லி, நெற்றியை உடைத்துக்கொண்டு மீட்ட பிள்ளையை அங்கேயே விட்டுவிட்டுப் படி இறங்கிப் போனார். நேரே குளத்துக்குப் போய் மகனைத் தலைமுழுகிவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மனு எழுதியது, ஸ்டேஷன், கோர்ட்டு எல்லாவற்றையும் தாங்கியவர் அரை டம்ளர் தண்ணீரைத் தாங்கவில்லை.

எனக்கு அங்கேதான் உறைத்தது. இதற்கு நான் வேறு பெரிய பெயர் ஒன்றும் தேடவில்லை. எனக்கு விஷக்காய்ச்சல் வந்து கிடந்தபோது என் மனைவி இப்படித்தான் நான் குடித்துவிட்டு வைத்த கஞ்சியைக் குடித்துவிட்டு வேலைக்கு எழுந்து போவாள். அவளை யாரும் இதற்காகப் பிடித்து விரலை முறிக்கவில்லை. இவர்களை நான் முறித்தேன். முறிக்கலாம் என்று ஒரு சட்டம் இருந்தது, அதனால் முறித்தேன்.

கூண்டில் ஏறினேன். நூல் எங்கே கிடைத்தது என்று சர்க்கார் வக்கீல் கேட்டார்.

"கடையில" என்றேன்.

கோர்ட்டு சிரித்தது. நான் நிறுத்தவில்லை. சாக்கடையில் எறிந்தது, கடையில் வாங்கியது, சேற்றில் மிதித்தது எல்லாம் சொன்னேன். ஒப்புதல் எப்படி வந்தது என்பதையும், எந்த மேஜை, எந்த விரல்கள் என்பதையும் சொன்னேன். சர்க்கார் வக்கீல் என் வாயை அடைக்கப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் எழுந்து நின்றுவிட்டார். மாஜிஸ்டிரேட் கண்டக்டரின் கட்டைப் பிரித்துக் காட்டச் சொன்னார். விரல்கள் மூன்று திசையில் இருந்தன. அந்தப் பிள்ளை வாயைத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. குற்றம் நிரூபணமாகவில்லை என்று இருவரையும் விடுதலை செய்தார்கள். தீர்ப்பைப் படிக்கும்போது மாஜிஸ்டிரேட் அவர்கள் முகத்தைப் பார்க்கவே இல்லை. எங்களைத்தான் திட்டினார். அவர்கள் செய்தது தப்பில்லை என்று சொல்ல அன்று அங்கே ஒருவரும் இல்லை. நானும் சொல்லவில்லை.

நியாயத்துக்காகச் சாட்சி சொன்னேன் என்று எழுதினால் அது பாதிப் பொய். பாண்டி என்று சொல்லிச் சிரித்தார்களே, அந்த ரோஷமும் அதில் இருந்தது. எது எத்தனை பங்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

யூனிபார்மை ஒப்படைக்கச் சாயங்காலமே ஸ்டேஷனுக்கு வரச்சொன்னார்கள். நாலு பேர் காத்திருந்தார்கள். எல்லாம் என்னோடு சேர்ந்து சாப்பிட்டவர்கள். கதவைச் சாத்தினார்கள். முதல் அடி காதோடு சேர்த்து விழுந்தது. கீழே விழுந்தவனின் இடது தோளைத் திருகினார்கள், அது மூட்டை விட்டு நழுவியது. முகத்தில் பூட்ஸ் வைத்ததில் இரண்டு பல் போயின. "நீயும் ஆ கூட்டமாணோடா?" என்று ஒருவன் கேட்டான், நானும் அந்த இருவரைப் போன்றவனா என்று. இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லாமல் இருந்தேன். என் ஆயுளில் நான் செய்த நல்ல காரியங்கள் கொஞ்சம்தான், அது ஒன்று. அந்த நாலு பேரும் என் அளவுக்கு நன்றாக அடிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. இல்லையென்றால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

வேலை போயிற்று. மனைவி பத்து நாள் தோளுக்கு ஒத்தடம் கொடுத்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. பதினோராவது நாள் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "நீங்க அடிச்சவனுக வீட்டுலயும் ஒருத்தி இப்பிடி உக்காந்து ஒத்தடம் குடுத்திருப்பாள்லா. நான் இத்தனை வருஷமும் அவளுகளைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்." நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து, கையைத் தூளியில் கட்டிக்கொண்டு கிழக்கேகோட்டைக்குப் போனேன். ஊருக்குப் போக பஸ் பார்த்து நின்றபோது அந்த இருவரையும் பார்த்தேன். ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டிய பாய் ஒன்று. பொன்முடிப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் அந்தப் பிள்ளைக்கு எழுத்து வேலை கிடைத்திருக்கிறது, கண்டக்டரையும் கூட்டிக்கொண்டு போகிறான் என்று ஸ்டாண்டில் ஒரு டிரைவர் சொன்னான். கண்டக்டருக்கு இனி டிக்கெட் கிழிக்க முடியாது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றி சொல்வார்கள் என்று எதிர்பார்த்தேன். என் வேலை போனது அவர்களுக்குத் தெரியும், தோளைப் பார்த்தால் மிச்சமும் தெரியும். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பின்னாலிருந்து அந்தப் பிள்ளையின் தோளில் கையை வைத்தேன்.

அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான். பார்த்த மாத்திரத்தில் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொண்டு, அத்தனை ஜனத்துக்கு நடுவில், தரையில் குந்தி உட்கார்ந்துவிட்டான். கண்ணாடி கீழே விழுந்தது. "வேண்டாம், வேண்டாம், வேண்டாம்" என்று முழங்காலுக்குள் முகத்தை வைத்துச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவன் வேஷ்டி நனைந்தது.

கண்டக்டர் எங்கள் நடுவில் வந்து நின்றான். கத்தவில்லை.

"சாட்சி சொன்னதுக்குக் கோவிலுக்குப் போயிக் கும்பிட்டிருக்கோம், சாரே. ஆனா நீங்க பக்கத்துல வராதீங்க" என்றான்.

குனிந்து இடது கையால் கண்ணாடியை எடுத்துத் துடைத்தான். அவனைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். பஸ்ஸில் ஏற்றி, ஜன்னல் பக்கம் வேண்டாம் என்று உள்பக்கமாக உட்காரவைத்தான். பஸ் புறப்பட்டுப் போனது. அந்த இடத்தில் தரை ஈரமாக இருந்தது. ஒரு கிழவி அதைச் சுற்றிக்கொண்டு நடந்து போனாள். மன்னித்துவிடு என்று ஒரு வார்த்தை நான் வாயைத் திறந்து சொல்லவே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.